மினி கூப்பர் தோற்கவில்லை

சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடை முடித்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் குழுவில் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. பேரன் கைப்பேசியில் அனுப்பிய படம் ஒன்றை எல்லோருக்கும் காட்டினார். பழைய மினி கூப்பர் கார். சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை, முகப்பில் வரிசையாக விளக்குகள்.

"மான்டி கார்லோ ராலியில ஜெயிச்சதுக்கப்புறம் வெளியே தள்ளினாங்களே, அந்த வண்டிதானே சார் இது?" என்று கேட்டவர், நான் வாய் திறக்கும் முன்பே தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "சரியாத்தான் செஞ்சாங்க. விதின்னா விதி. பல்பு தப்புன்னா வண்டி வெளியே. இதுல பேச என்ன இருக்கு?"

வெயில் ஏறிவிட்டதால் எல்லோரும் எழுந்துவிட்டோம். நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மதியம் தூக்கம் வரவில்லை. பேச நிறைய இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு வாக்குமூலம். நான் பிரெஞ்சில் படித்தவன். புதுவையில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும் எங்கள் வகுப்பறையில் பிரெஞ்சுதான் பேச்சு. பிரான்சின் நதிகளை வரிசையாக ஒப்பிப்பேன். காவிரி எங்கே பிறக்கிறது என்று கேட்டால் விழிப்பேன். 1966 ஜனவரியில் எனக்கு 15 வயது. பிரான்சில் இருந்த மாமா எழுதிய கடிதத்தில் "நம்ம சித்ரோயன் மான்டி கார்லோவில் முதலாவதாக வந்துவிட்டது" என்று ஒரு வரி இருந்தது. அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த முதலிடம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஆகவே இதை இங்கிலாந்துக்காரர்கள் பக்கம் நின்று எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தச் சின்ன வண்டியின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் என் வாதம் புரியும்.

1956-இல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு. குறைந்த பெட்ரோலில் ஓடும் சின்ன கார் வேண்டும் என்று பி.எம்.சி. நிறுவனம் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளரிடம் வேலையை ஒப்படைத்தது. அவர் இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரத்தில், அன்று ஸ்மிர்னா என்று பெயர், பிறந்தவர். அவர் செய்து கொடுத்த மினி 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. மொத்த நீளம் 10 அடி. அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும், பெட்டியும் வைக்க வேண்டும்.

இடத்தை அவர் எப்படி மிச்சம் பிடித்தார் என்பதுதான் அழகு. அக்கால வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் நீளவாக்கில் இருக்கும்; அதன் பின்னால் கியர் பாக்ஸ்; அதிலிருந்து ஒரு நீண்ட தண்டு பின் சக்கரத்துக்குப் போகும். இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்குவாக்கில் திருப்பி வைத்தார். கியர் பாக்ஸை இன்ஜினுக்குக் கீழேயே, எண்ணெய் தேங்கும் தொட்டிக்குள்ளேயே பொருத்தினார். இரண்டுக்கும் ஒரே எண்ணெய். சக்தி முன் சக்கரங்களுக்கே போவதால் நீண்ட தண்டு தேவைப்படவில்லை. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள். சக்கரங்கள் வெறும் 10 அங்குலம், அவையும் வண்டியின் நான்கு மூலைகளில். இன்று நம் தெருவில் ஓடும் சின்ன கார்களின் பானட்டைத் திறந்து பாருங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் இன்ஜின் குறுக்காகத்தான் இருக்கும்.

குறை இல்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப கால மினிகளில் மழை பெய்தால் தரைத் தகடு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்ததால் நனைந்து வண்டி நின்றுபோகும்.

முதல் மினியின் இன்ஜின் 848 சி.சி., 34 குதிரைத் திறன். பந்தயத்துக்கு உரிய சரக்கு இல்லை. ஆனால் ஜான் கூப்பருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. 1959, 1960 இரண்டு வருடமும் ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் பட்டத்தை வென்ற பந்தயக் கார்களைக் கட்டியவர் அவர். மினி வளைவில் திரும்பும் விதத்தைப் பார்த்து இதில் பந்தயத்துக்கு ஏதோ இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். குடும்பக் காரைச் செய்த இசிகோனிசுக்கு இதில் அவ்வளவு விருப்பமில்லை. இருந்தும் 1961-இல் மினி கூப்பர் வந்தது: 997 சி.சி., இரட்டை கார்புரேட்டர், 55 குதிரைத் திறன், முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக். 1963-இல் கூப்பர் எஸ், 1071 சி.சி., 70 குதிரைத் திறன். அடுத்த வருடம் 1275 சி.சி.யில் ஒன்று, 76 குதிரைத் திறன்.

மான்டி கார்லோ ராலி வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயம் அல்ல. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து ஜனவரிக் குளிரில் வண்டிகள் புறப்பட்டு மொனாக்கோவை நோக்கி வரும். பிறகு ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில், பனியிலும் உறைந்த தண்ணீரிலும், பெரும்பாலும் இரவில், நேரம் பார்த்து ஓட்ட வேண்டும். இன்ஜின் பாரம் முழுவதும் முன் சக்கரத்தின் மேல் இருந்து, அந்தச் சக்கரமே வண்டியை இழுத்தால் பனியில் பிடிப்பு கிடைக்கும். 1962, 63-இல் ஜெயித்த சாப், 1964, 65-இல் ஜெயித்த மினி, 1966-இல் முதலிடம் தரப்பட்ட சித்ரோயன், 1967-இல் ஜெயித்த மினி, எல்லாமே முன் சக்கர இழுவை வண்டிகள்தான்.

1964-இல் பாடி ஹாப்கிர்க் என்ற வட அயர்லாந்துக்காரர் ரஷ்யப் பக்கம் மின்ஸ்க் நகரத்திலிருந்து 1071 சி.சி. மினியில் புறப்பட்டு வந்து முதலிடம் பெற்றார். அவருக்கு அடுத்து வந்தது 4.7 லிட்டர், எட்டு சிலிண்டர் ஃபோர்டு ஃபால்கன். 1965-இல் கடும் பனிப்புயல். 200-க்கும் மேற்பட்ட வண்டிகள் புறப்பட்டதில் முடித்தவை 35 மட்டுமே. அதில் முதலிடம் பின்லாந்துக்காரர் திமோ மாக்கினன் ஓட்டிய மினிக்கு. இடது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வலது காலால் ஆக்சிலேட்டரையும் விடாமல் வளைவில் வண்டியைத் திருப்புவது பின்லாந்து ஓட்டுநர்களின் வித்தை. முன் சக்கர வண்டிக்கு அது வெகு பொருத்தம்.

இப்போது 1966. அந்த வருடம் சர்வதேச விதிகள் மாறின. கடையில் பொதுமக்கள் வாங்கும் வண்டியை அப்படியே ஓட்டினால் முதல் பிரிவு. ஒரு வருடத்தில் 5000 வண்டிகள் செய்திருக்க வேண்டும். மாற்றம் செய்த வண்டிகளுக்கு ராலியில் நேரச் சுமை கூடுதலாக வைக்கப்பட்டது. ஆகவே ஜெயிக்க நினைத்த பி.எம்.சி. முதல் பிரிவிலேயே மினிகளை இறக்கியது. முடிவில் மாக்கினன் முதலாவது, ரவ்னோ ஆல்டோனன் இரண்டாவது, ஹாப்கிர்க் மூன்றாவது. மூன்றும் மினி. நான்காவது ரோஜர் கிளார்க்கின் ஃபோர்டு கார்டினா. ஐந்தாவதுதான் பவுலி டோய்வோனன் ஓட்டிய சித்ரோயன்.

பிறகு பரிசோதனை. மணிக்கணக்காக மினிகளைப் பிரித்து அளந்தார்கள். இன்ஜினில் குற்றம் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது விளக்கு. சாதாரண ஹெட்லைட் பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று பிரைட், ஒன்று டிம். மினிகளில் இருந்தது குவார்ட்ஸ் அயோடின் பல்பு, ஒரே இழை. எதிரே வண்டி வந்தால் ஹெட்லைட் அணைந்து, கீழே தனியாக இருந்த மூடுபனி விளக்கு எரியும்படி செய்திருந்தார்கள். கடையில் விற்ற வண்டியில் இப்படி இல்லை; ஆகவே விதிமீறல். மூன்று மினிகளும் வெளியே. அதே காரணத்தில் கிளார்க்கின் கார்டினாவும் வெளியே. பெண்கள் பரிசுக்கு உரியவராக வந்திருந்த ரோஸ்மேரி ஸ்மித்தின் ஹில்மன் இம்ப்பும் வெளியே. சித்ரோயன் முதலிடம். மேல்முறையீடும் எடுபடவில்லை.

என் நண்பர் பக்கம் உள்ள நியாயத்தை நான் மறைக்க மாட்டேன். எழுத்துப்படி பார்த்தால் அந்த பல்பு கடை வண்டியில் இல்லாதது. இரவுப் பந்தயத்தில் வெளிச்சம் சின்ன விஷயமும் அல்ல. இன்னும் ஒன்று: 1964-இல் மினிக்கு முதலிடம் தந்ததும் ஒரு விதிதான். மலைச் சாலைகளில் உண்மையான நேரத்தில் ஃபால்கன்தான் வேகம். இன்ஜின் அளவுக்கு ஏற்ற கணக்குப் போட்டதில்தான் மினி மேலே வந்தது. "அன்று விதி கொடுத்தது, இன்று விதி எடுத்தது, கொடுத்தபோது இனித்ததா?" என்று நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

என் பதில் இது. 1964-இன் கணக்கு புறப்படும் முன்பே எல்லோருக்கும் தெரிந்தது. ஃபோர்டுக்கும் தெரியும், மினிக்கும் தெரியும். அதற்கு ஒப்புக்கொண்டுதான் ஓட்டினார்கள். 1966-இல் நடந்தது வேறு. அந்த விளக்குகள் பானட்டுக்குள் ஒளித்துவைத்த சாமான்கள் அல்ல. வண்டியின் முகத்தில், ஊர் பார்க்க இருந்தவை. புறப்படும் இடத்தில் நிறுத்தி "இதைக் கழற்றிவிட்டுப் போ" என்று சொல்லியிருக்கலாம். வழியில் எத்தனையோ இடங்களில் முத்திரை குத்துகிறார்கள், அங்கே சொல்லியிருக்கலாம். நேரத்தில் அபராதம் போட்டிருக்கலாம். இதில் எதுவும் செய்யாமல், முடிவு தெரிந்த பிறகு, இன்ஜினைப் பிரித்துப் பார்த்து ஏமாந்த பிறகு, பல்பைக் காரணம் சொன்னால் அதை நான் பரிசோதனை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். பரிசோதனை என்பது தவறு இருக்கிறதா என்று பார்ப்பது. இது தவறு கிடைக்கும் வரை பார்ப்பது. வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், அந்த வேலையை நானே செய்திருக்கிறேன்.

1980-களின் தொடக்கம். நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. பிரெஞ்சுக் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்த கடைநிலை ஊழியர் ஒருவர் இறந்துவிட்டார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது மேலதிகாரி ஒருவரிடம் எதிர்த்துப் பேசியவர். கோப்பு என் மேஜைக்கு வந்தபோது அந்த அதிகாரி கூப்பிட்டு, "நல்லா பாரு, ஏதாவது இருக்கும்" என்றார். நான் நல்லா பார்த்தேன். பணிப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். விடுப்புக் கணக்கு சரி, சம்பளக் கணக்கு சரி. கடைசியில் கிடைத்தது. பதிவேட்டில் பெயர் பிரெஞ்சு முறையில் எழுதியிருந்தது. 'உ' ஓசைக்கு இரண்டு எழுத்து. இறப்புச் சான்றிதழில் ஆங்கில முறை, ஒரே எழுத்து. "பெயரில் மாறுபாடு உள்ளது, தெளிவுபடுத்தவும்" என்று குறிப்பு எழுதித் திருப்பினேன்.

நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்த இரண்டு எழுத்துமுறையும் உண்டு. எனக்கே உண்டு. இரண்டும் ஒரே ஆள் என்று எனக்குத் தெரியாதா? அந்த அம்மா வந்து, "தம்பி, நீங்களே அவரப் பாத்திருக்கீங்களே, ரெண்டு பேரா அவரு?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து பார்க்காமல், "விதி அப்படிம்மா" என்றேன். 14 மாதம் அவர் நடந்தார். என் குறிப்பில் ஒரு சொல்கூட விதிக்கு விரோதமில்லை. எந்தத் தணிக்கையும் என்னைத் தப்பு சொல்லியிருக்க முடியாது. ஓய்வூதியம் கடைசியில் வந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் இப்போது இல்லை.

ஆகவே "விதின்னா விதி" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வருகிறது. விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி இல்லாத அலுவலகத்தில் பணமும் சிபாரிசும்தான் வேலை செய்யும். விதி இல்லாத ராலியில் பெரிய கம்பெனிதான் ஜெயிக்கும். ஆனால் ஒரு விதி எதற்காக இருக்கிறது, எப்போது கையில் எடுக்கப்படுகிறது, யார் விழ வேண்டும் என்று எடுக்கப்படுகிறது, இந்த மூன்றையும் கேட்காமல் தலையாட்டுவது நேர்மை ஆகாது. மான்டி கார்லோவில் முதல் பிரிவு விதி எதற்காக வந்தது? கடை வண்டி என்ற பெயரில் பந்தய இன்ஜினை ஓட்டக் கூடாது என்பதற்காக. பிரித்துப் பார்த்த இன்ஜின் கடை இன்ஜின்தான் என்று ஆன பிறகு, விதியின் நோக்கம் நிறைவேறிவிட்டது. பல்புக்கு அபராதம் போட்டு அனுப்பியிருந்தால் யாரும் இன்று வரை அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என்னைப் போலப் பிரெஞ்சில் படித்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்ரோயன் டி.எஸ். என்ன சாதாரண வண்டியா? 1955-இல் அது பாரிஸ் கண்காட்சியில் நின்றபோது உலகமே வாயைப் பிளந்தது. எண்ணெய் அழுத்தமும் வாயுவும் சேர்ந்து தாங்கும் அந்த சஸ்பென்ஷனில் வண்டி தன் உயரத்தைத் தானே சரி செய்துகொள்ளும். 1962-இல் பெத்தி கிளமாரில் துகோலைச் சுட்டபோது, டயர் பஞ்சரான நிலையிலும் அவரை ஏற்றிக்கொண்டு தப்பியது அந்த வண்டிதான். 1959-இலேயே சித்ரோயன் மான்டி கார்லோவை நேராக ஓட்டி ஜெயித்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு இந்தத் தானம் தேவையா? 1966-இன் கோப்பை சித்ரோயனுக்குப் பெருமை சேர்க்கவில்லை. அதன் உண்மையான பெருமையின் மேல் ஒரு கறையை வைத்தது. ஐந்தாவதாக வந்த டோய்வோனன் மனமில்லாமல்தான் அந்தப் பரிசை வாங்கினார். பின்லாந்துக்காரரான அவருக்குப் புரிந்தது, புதுவையில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்குப் புரியவில்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இணையத்தில் இந்தக் கதையை "பிரெஞ்சுக்காரன் புத்தி" என்று ஒரே வரியில் முடிக்கிறார்கள். அதுவும் தப்பு. நடத்தியது மொனாக்கோவின் மோட்டார் கிளப். மொனாக்கோ தனி நாடு. என் மேஜையில் அந்தக் குறிப்பை எழுதியபோது எனக்கு எந்த நாட்டுப் புத்தி இருந்தது? மேலே இருப்பவர் விருப்பத்தை மோப்பம் பிடித்து, அதற்கு ஏற்ற உட்பிரிவைத் தேடிக் கொடுக்கும் புத்திக்கு நாடு கிடையாது.

பி.எம்.சி. என்ன செய்தது? 1967-இல் மறுபடியும் வந்தது. ஆல்டோனன் மினி கூப்பர் எஸ் ஓட்டினார். 13 விநாடி வித்தியாசத்தில் லான்சியாவை முந்தி முதலிடம். இந்த முறை யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1964, 65, 67 என்று புத்தகங்களில் மினிக்கு மூன்று வெற்றிகள்தான் எழுதியிருக்கும். எழுதியிருப்பது பதிவேடு. மலைச் சாலையில் அந்த இரவுகளில் நடந்தது நான்கு.

கடைசியாக, தணிக்கை நண்பருக்கு. போன நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் போனீர்கள். வயதாகி ரேகை தேய்ந்துவிட்டதால் இயந்திரம் உங்கள் விரலை ஏற்கவில்லை. ஒரு மாதம் ஓய்வூதியம் நின்றது. "ஆள் எதிர்ல உட்கார்ந்திருக்கேன், என்னைப் பாருங்கய்யா" என்று கத்தியதாக நீங்களே எங்களிடம் சொன்னீர்கள். அந்த இளைஞனும் உங்களிடம் அதைத்தான் சொன்னான்: விதி அப்படி சார்.

அன்று உங்களுக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் அந்த மூன்று மினிகளுக்கும் ஒதுக்குங்கள். நாளைக் காலை கடற்கரையில் பார்க்கலாம். காப்பி என் செலவு.